கிராமபோன் கண்ட எமீல் பெர்லினர்

உலகிற் பிறந்து மறையும் பொருள்கள் பலவற்றுள்ளும் ஒலியைப்போல் விரைந்து மறைவது பிறிதொன்றில்லை. மலர் ஒரு பகலேனும் நின்று வாடும். மேகம் ஒரு நாழிகையேனும் நின்று கலையும். வாயினின்று புறப்பட்ட சொல்லும், நரம்பினின்று எழுந்த நாதமுமோ எழுந்த கணத்திலேயே இல்லையாகின்றன. இங்ஙனம் ஓடி மறையும் ஒலியைப் பிடித்து நிறுத்த வேண்டுமென்னும் ஆசை மக்களுக்கு நெடுங்காலமாக உண்டு. அவ்வாசை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறைவேறிற்று. அதை நிறைவேற்றியவருள் எடிசன் பெயரை அறியாதார் இலர். ஆயினும், ஒலியைத் தட்டையான வட்டத் தகட்டில் எழுதி, ஒன்றிலிருந்து ஆயிரமாக அச்சிட்டு, வீடுகள்தோறும் செல்லும்படி செய்தவர் வேறொருவர். அவரே எமீல் பெர்லினர். இக்காலத்தில் டி.ஜே. என வழங்கும் கலைஞர்கள் சுழலும் தட்டின்மேல் கை வைத்து, அதை முன்னும் பின்னும் இழுத்து ஒரு புதிய இசையை எழுப்புகிறார்களே, அவர்கள் கையாள்வதும் அவர் வகுத்த தட்டையே. அப்பெரியாருடைய வரலாற்றையும், தேய்வதற்கென்றே பிறந்தது போன்ற அத்தட்டு எங்ஙனம் நிலைத்ததென்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

பெர்லினர் ஜெர்மானிய நாட்டு ஹானோவர் நகரில் 1851-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி ஒரு யூதர் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் சாமுவேல் வணிகர். தம் சமய நூல்களில் தேர்ச்சி மிக்கவர். தாயார் சாரா இசையில் விருப்பமும் பயிற்சியும் உடையவர். பிள்ளைகள் பலர் நிறைந்த இல்லம் அது. சிறுவர் எமீல் வோல்பென்பூட்டல் என்னும் ஊரிலுள்ள பள்ளியிற் பயின்று, 1865-ஆம் ஆண்டில், தமது 14-ஆம் வயதில் அதனை முடித்து வெளியேறினார். முறையாக அவர் பெற்ற பள்ளிக் கல்வி அவ்வளவே. அதன்பின் ஓர் அச்சுக்கூடத்திலும், பின்னர் ஒரு துணிக்கடையிலும் வேலை பார்த்துக் குடும்பத்துக்கு உதவி வந்தார்.

அக்காலத்தில் ஹானோவர் பிரஷிய அரசின்கீழ் வந்துவிட்டது. இளைஞர்கள் படைக்கு அழைக்கப்பட்டனர். பிரான்சோடு போர் மூளும் காலமும் நெருங்கியது. 1870-ஆம் ஆண்டு, 19 வயது நிரம்பும் தறுவாயில், பெர்லினர் கப்பலேறி அமெரிக்கா சென்றார். குடும்பத்துக்குப் பழக்கமான ஒருவர் வாஷிங்டன் நகரில் நடத்தி வந்த துணிக்கடையில் எழுத்தராக அமர்ந்தார். மூன்றாண்டுகள் கழித்து நியூயார்க் நகரம் சென்று, கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். அவற்றுள் ஒன்று, பின்னாளிற் சாக்கரின் என்னும் இனிப்புப் பொருளைக் கண்டறிந்த கான்ஸ்டன்டின் பால்பெர்க் என்பாருடைய இரசாயனச் சாலையில் குப்பிகளைக் கழுவும் வேலை. பகலிற் குப்பி கழுவிய கைகள் இரவிற் புத்தகம் ஏந்தின. பீட்டர் கூப்பர் என்னும் வள்ளல் உழைப்பாளிகளின் பொருட்டு நிறுவிய கூப்பர் கலாசாலையில் இரவு வகுப்புகள் கட்டணமின்றி நடைபெற்று வந்தன. பெர்லினர் அங்கே சென்று பயின்றார். மின்சாரத்தையும் ஒலியையும் பற்றி அவர் அறிந்தவற்றிற் பெரும்பகுதி இவ்விதம் உறக்கத்தைக் குறைத்துத் தேடியதேயாம்.

தொலைபேசியிற் கண்ட நுட்பம்

1876-ஆம் ஆண்டு அலெக்சாந்தர் கிரகாம் பெல் தமது தொலைபேசியை உலகத்தார்க்குக் காட்டினார். அவ்வாண்டில் பெர்லினர் வாஷிங்டனுக்குத் திரும்பி, முன்னிருந்த கடையிலேயே வேலையில் இருந்தார். பெல்லின் கருவியிற் பேசுவோனுடைய குரலே மின்னோட்டத்தைப் பிறப்பிக்க வேண்டியிருந்தமையால், அவ்வோட்டம் மிக மெலிந்து, சிறிது தூரத்துக்குள்ளேயே ஓய்ந்தது. இக்குறையைத் தீர்க்கும் வழியைப் பெர்லினர் தந்தி அடிக்கும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்த பொழுது கண்டார். தந்திச் சாவியை அழுத்தி அடித்தால் மின்சாரம் மிகுதியாகப் பாயும், மெல்ல அடித்தால் குறைவாகப் பாயும் என்பதே அவர் அறிந்த செய்தி. இரண்டு கடத்திகள் ஒன்றையொன்று இலேசாகத் தொட்டுக் கொண்டிருக்க, குரலின் அதிர்வு அத்தொடுகையை இறுக்கியும் தளர்த்தியும் வருமாயின், மின்கலத்திலிருந்து வரும் வலிய ஓட்டமே குரலுக்கேற்ப ஏறி இறங்குமன்றோ? குரல் மின்சாரத்தைப் பெற வேண்டுவதில்லை; அதனை ஆண்டால் போதும்.

இக்கருத்தைக் கொண்டு அவர் 1877-ஆம் ஆண்டில் ஒலிவாங்கி ஒன்றை அமைத்து, உரிமைக்கு விண்ணப்பித்தார். பெல் கம்பெனியார் அவ்வுரிமையை வாங்கிக்கொண்டு, அவரையும் தம் வேலையில் அமர்த்தினர். துணிக்கடை எழுத்தர் பாஸ்டன் நகரில் ஆராய்ச்சியாளரானார். 1881-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே கோரா ஆட்லர் என்னும் நங்கையை மணந்தார். ஒலிவாங்கியின் உரிமைச் சாசனமோ 1891-ஆம் ஆண்டில்தான் வழங்கப்பட்டது. அதனை நீக்க வேண்டுமென்று அரசாங்கமே வழக்குத் தொடர்ந்தது. 1897-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. கருவியைக் காண ஓராண்டு, அதனைக் காக்க இருபதாண்டு என்னும்படி ஆயிற்று.

பக்கவாட்டில் ஓடிய கோடு

சில ஆண்டுகளுக்குப்பின் பெர்லினர் கம்பெனி வேலையை விட்டு வாஷிங்டனுக்கு மீண்டு, தம் சொந்த ஆராய்ச்சியிற் புகுந்தார். அவர் மனத்தைக் கவர்ந்தது ஒலிப்பதிவு. அக்காலத்தில் அத்துறையில் மூன்று முயற்சிகள் நிகழ்ந்திருந்தன. முதலாவது, பிரெஞ்சுக்காரரான லியோன் ஸ்காட் 1857-ஆம் ஆண்டிற் செய்தது. அவர் புகைக்கரி பூசிய தாளில் ஒலியின் அதிர்வை ஓர் அலைக்கோடாக வரையச் செய்தார். ஆனால் வரைந்ததைத் திரும்ப ஒலிக்கச் செய்ய அவருக்கு வழி இல்லை. இரண்டாவது, 1877-ஆம் ஆண்டில் எடிசன் செய்த போனோகிராப். அதில் உருளையொன்றைச் சுற்றி ஈயத்தகடு போர்த்தப்பட்டிருக்கும். ஊசி மேலுங்கீழுமாக அதிர்ந்து அத்தகட்டிற் குழிகளைப் பதிக்கும். அக்குழிகளின் வழியே மறுபடியும் ஊசி ஓடினால் குரல் கேட்கும். பின்னர், பெல்லின் துணைவர்கள் ஈயத்தகட்டுக்கு மாறாக மெழுகைப் பயன்படுத்தினர். மூன்றாவது, சார்லஸ் குரோ என்னும் பிரெஞ்சுக் கவிஞர் 1877-ஆம் ஆண்டில் எழுதி வைத்த ஒரு யோசனை. ஸ்காட் வரைந்தது போன்ற கோட்டை உலோகத்தில் அரித்துப் பள்ளமாக்கினால் அதனை ஒலிக்கச் செய்யலாமென்பது அது. யோசனை யோசனையாகவே நின்றது.

பெர்லினர் இம்மூன்றையும் நன்கு ஆராய்ந்தார். உருளையின்மேல் ஊசி ஆழமாகத் தோண்டத் தோண்ட, மெழுகு எதிர்த்துத் தள்ளும். அதனால் உரத்த ஒலி உருமாறும். ஊசி பக்கவாட்டில் அசைந்து, எங்கும் ஒரே ஆழமாகக் கோடு கீறுமாயின் அக்குற்றம் நேராது. அன்றியும், உருளைக்கு மாறாகத் தட்டையான வட்டத்தைக் கொண்டால், நாணயம் அடிப்பதுபோல் அதனை அச்சுக்கொண்டு அழுத்திப் பல படிகள் எடுக்கலாம். இளமையில் அச்சுக்கூடத்திற் பழகியவர்க்கு இக்கருத்து தோன்றியது பொருத்தமே. 1887-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி இம்முறைக்கு உரிமை கிடைத்தது. தமது கருவிக்குக் கிராமபோன் என்னும் பெயரை அவரே சூட்டினார். 1888-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி, பிலடெல்பியா நகரத்துப் பிராங்க்ளின் கழகத்து அறிஞர்கள் முன்னிலையில் அது பேசியும் பாடியும் காட்டியது.

அப்பொழுது அவர் பதிவு செய்த முறை கேட்போர்க்கு வியப்பளிக்கும். துத்தநாகத் தகடொன்றைப் பளபளப்பாகத் தேய்த்து, அதன்மேல் தேன்மெழுகை மிக மெல்லியதாகப் பூசுவர். குரலால் அதிரும் ஊசி அம்மெழுகில் கோடு கீறிக்கொண்டே போகும். கீறிய இடத்தில் மெழுகு விலகி உலோகம் தோன்றும். பின்பு தகட்டைக் குரோமிகத் திராவகத்தில் இடுவர். மெழுகு மூடிய இடத்தைத் திராவகம் தொடாது. கோடு கீறிய இடத்தை மட்டும் அரித்து, உழுத நிலத்துச் சால்போன்ற பள்ளமாக்கும். அச்சாலே ஒலியின் உருவம். அதில் இன்னொரு சிறப்பும் உண்டு. உருளைக் கருவியில் ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்துவதற்குத் தனியே ஒரு திருகு வேண்டும். பெர்லினருடைய தட்டிலோ, சாலின் இரு கரைகளே ஊசியைப் பிடித்து வழிநடத்திச் செல்கின்றன. எருது பூட்டிய ஏர் போட்ட சாலை விட்டு விலகாததுபோல் ஊசியும் விலகாது. இவ்வொரு பண்பு பின்னர் எத்தகைய பயனைத் தந்தது என்பதைக் கட்டுரையின் இறுதியிற் காண்போம்.

அச்சுத்தகடும் அவலரக்கும்

துத்தநாகத் தகட்டின்மேல் மின்முலாம் முறையால் செம்பைப் படியச் செய்து உரித்தெடுத்தால், பள்ளங்கள் மேடுகளாக உள்ள அச்சுத்தகடு ஒன்று கிடைக்கும். அதனைக் கொண்டு மென்மையான பொருளில் அழுத்த, மூலத்தைப்போன்ற தட்டுகள் பல கிடைக்கும். ஆனால் எப்பொருளில் அழுத்துவது? பெர்லினர் முதலில் செல்லுலாயிட்டைக் கொண்டு பார்த்தார். அது விரைவிற் தேய்ந்தது. பின்பு கடின ரப்பரைக் கொண்டார். 1890-ஆம் ஆண்டளவில், ஜெர்மனியில் வால்டர்ஸ்ஹவுசன் என்னும் ஊரிலிருந்த பொம்மைக் கம்பெனியார் 5 அங்குலத் தட்டுகளையும், கையால் சுற்றும் சிறு கருவிகளையும் செய்து குழந்தைகளுக்கு விற்றனர். உலகை ஆளவிருந்த கருவி விளையாட்டுப் பொருளாகவே முதலிற் கடைக்கு வந்தது. 1894-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் 7 அங்குலத் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. அவை ஒருபுறம் மட்டுமே பாடும்; இரண்டு நிமிட அளவிற்குள் முடிந்துவிடும். காகிதச் சீட்டு ஒட்டும் வழக்கமும் அப்போதில்லை. பாட்டின் பெயர் நடுவிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

கடின ரப்பர் எங்கும் சீராகப் பதியவில்லை. ஆங்காங்கே வெற்றிடங்கள் விழுந்தன. நியூவார்க் நகரில் பொத்தான் செய்யும் கம்பெனி ஒன்று அவலரக்குக் கலவையைச் சூட்டில் இளக்கி, அழுத்தி வார்ப்பதைப் பெர்லினர் அறிந்தார். தம் அச்சுத்தகட்டை அவர்களிடம் கொடுத்து அழுத்தச் செய்ய, சால்கள் தெளிவாகப் பதிந்தன. 1895-ஆம் ஆண்டளவில் அவலரக்கே இசைத்தட்டின் பொருளாயிற்று. அடுத்த அரை நூற்றாண்டும் அதுவே அரசு செலுத்திற்று.

இவ்விடத்தில் நம் நாட்டின் பங்கையும் நினைத்தல் தகும். அரக்கு என்பது புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சியினம் சுரக்கும் பிசின். வங்காளம், பீகார் முதலிய பகுதிகளின் காடுகளிற் சேர்க்கப்பட்டு, உருக்கி வடித்து, கப்பலேறிச் சென்ற இந்திய அவலரக்கே உலகத்துத் தட்டுகளுக்குப் பெரும்பான்மையாகப் பயன்பட்டது. பெர்லினரிடம் தொழில் பழகிய பிரெட் கெய்ஸ்பெர்க் என்பார் 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோருடைய பாட்டுக்களைப் பதிவு செய்தார். அப்பதிவுகள் பெர்லினரின் பிறந்த ஊராகிய ஹானோவரில் அச்சாகித் திரும்பி வந்தன. நம் காட்டு அரக்கு கடல் கடந்து போய், நம் நாட்டுக் குரலைச் சுமந்துகொண்டு மீண்டது.

கை விலகியதும் உரிமை விலகியதும்

முதற் கிராமபோன்களைக் கையாலேயே சுற்ற வேண்டும். கை விரைந்தால் பாடகர் குரல் கீச்சிடும். கை தளர்ந்தால் அவர் குரல் முனகும். இக்குறையை நீக்க, காம்டன் நகரத்து இயந்திரத் தொழிலாளியாகிய எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1896-ஆம் ஆண்டில் சுருள்வில்லால் இயங்கும் பொறியை அமைத்தார். சாவி கொடுத்துவிட்டால் தட்டு ஒரே சீராகச் சுழலும். கேட்பவன் கைகட்டி அமர்ந்திருக்கலாம். விற்பனை பெருகியது. 1898-ஆம் ஆண்டில் இலண்டனில் கிராமபோன் கம்பெனி தோன்றியது. அவ்வாண்டிலேயே ஹானோவரில் அவருடைய உடன்பிறந்தாராகிய ஜோசப், ஜேக்கப் என்போரின் முயற்சியால் டாய்ச்ச கிராமபோன் நிறுவப்பட்டது.

ஆனால் தாம் வாழ்ந்த நாட்டிலேயே அவருக்கு இடர் நேர்ந்தது. அமெரிக்காவில் விற்பனை உரிமை பெற்றிருந்த பிராங்க் சீமன் என்பார் அவரோடு மாறுபட்டு, எதிர்க் கம்பெனியாரோடு சேர்ந்தார். 1900-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றத் தடை பிறந்தது. கிராமபோனைக் கண்டவர் அமெரிக்காவிற் கிராமபோனை விற்க முடியாதவரானார். அவர் படைத்த பெயரே அந்நாட்டு வழக்கிலிருந்து மறைந்தது. ஜான்சன் 1901-ஆம் ஆண்டில் விக்டர் கம்பெனியை நிறுவி அத்தொழிலைத் தொடர்ந்தார். பெர்லினருக்கு அதிற் பங்குண்டு. தாமோ கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில் தம் தொழிலை நிலைநாட்டினார். நாய் ஒன்று குழலின் முன் அமர்ந்து தன் தலைவன் குரலைக் கேட்கும் புகழ்பெற்ற சித்திரத்தை, 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வணிகக் குறியாகப் பதிவு செய்தவரும் அவரே. பிரான்சிஸ் பராட் என்னும் ஓவியர் அச்சித்திரத்தில் முதலில் எழுதியது எடிசன் வழிவந்த உருளைக் கருவி. பின்னர் அதன்மேல் வண்ணம் பூசிக் கிராமபோனை எழுதினார். உருளையைத் தட்டு வென்றதற்கு அவ்வோவியத்தினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தேய்வும் காப்பும்

அவலரக்குத் தட்டில் அரக்கோடு கற்பலகைப் பொடி, பஞ்சுத் துகள், கரிப்பொடி முதலியனவும் கலந்திருக்கும். கற்பொடி கலந்ததற்குக் காரணம் உண்டு. புதிய எஃகு ஊசி சாலில் இறங்கியவுடன், அப்பொடி ஊசியின் நுனியை உரைத்துச் சாலின் வடிவத்துக்கு இசையத் தேய்த்துவிடும். ஊசி தேயவேண்டும், தட்டு பிழைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆகவேதான் ஒரு பக்கம் பாடியவுடன் ஊசியை மாற்றல் வேண்டும் என்று விதித்தனர். சிக்கனம் கருதி ஒரே ஊசியைப் பலமுறை ஓட்டினால், தேய்ந்த நுனி கூரிய விளிம்புடையதாகிச் சாலின் கரைகளைச் செதுக்கும். ஊசிக்காசை மிச்சம் பிடித்தவன் தட்டை இழந்தான். குழலோடு கூடிய அக்காலத்துத் தலை 100 கிராமுக்கும் மேற்பட்ட எடையோடு ஊசியை அழுத்திற்று. மூங்கில் ஊசியும் முள்ளூசியும் கொண்டு அத்தேய்வைக் குறைக்க முயன்றோர் பலர்.

தட்டைக் காக்கும் முறைகள் இன்றும் பெரிதும் மாறவில்லை. விளிம்பையும் நடுச்சீட்டையும் மட்டும் தொட்டு எடுத்தல் வேண்டும். விரல் எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். ஒன்றன்மேலொன்றாகப் படுக்க அடுக்காது, புத்தகம்போல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வெயிலும் வெப்பமும் படின் வளைந்துவிடும். அவலரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைத்தல் ஆகாது. அரக்கு அதிற் கரைந்துபோம். சாலில் தங்கிய தூசியை அகற்றாது ஊசியை ஓட்டினால், ஊசி அத்தூசியையே உளியாகக் கொண்டு சாலைச் செதுக்கும்.

எவ்வளவு காத்தாலும் கேட்குந்தோறும் தட்டு தேய்வது தேய்வதே. தேயாதிருக்கும் தட்டு பாடாதிருக்கும் தட்டு ஒன்றே. பெர்லினருடைய பேரறிவு இவ்விடத்தில் விளங்குகிறது. வீட்டிலுள்ள தட்டு தேயலாம், உடையலாம். மூலத்தின் அச்சுத்தகடு கம்பெனிப் பெட்டகத்தில் பழுதின்றி இருக்கும். அழியும் படியும் அழியாத மூலமுமாகப் பிரித்து வைத்ததனால், அவர் மக்களை அஞ்சாது கேட்கும்படி செய்தார்.

பிறர் நலத்திற் கழிந்த பிற்காலம்

உரிமை இழந்த 1900-ஆம் ஆண்டிலேயே மற்றோர் இடரும் வந்தது. அவருடைய மகளொருத்தி குடல்நோயால் உயிருக்கே இடையூறாகும் நிலையில் கிடந்தாள். அவள் பிழைத்தாள், ஆனால் தூய்மையற்ற பாலால் பிள்ளைகள் பலர் மாண்டு வருவதை அந்நோய் தந்தையாருக்கு உணர்த்திற்று. பாலைச் சூடேற்றி நோய்க்கிருமிகளை நீக்கிய பின்னரே குழந்தைகளுக்குக் கொடுத்தல் வேண்டுமென்று அவர் இதழ்களிலும் துண்டுத் தாள்களிலும் ஓயாது எழுதினார். 1901-ஆம் ஆண்டில் நோய்த்தடுப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார். சிறுவர்க்குச் சுகாதாரத்தைப் போதிக்கும் எளிய பாட்டுக்களும் இயற்றி வெளியிட்டார். ஒலியைக் கோடாக்கியவர் தம் எஞ்சிய வலிமையைப் பாற்குவளையின் தூய்மைக்குச் செலவிட்டார் என்பது அவர் மனப்பாங்கைக் காட்டும்.

1908-ஆம் ஆண்டில், விஞ்ஞான ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கெனத் தம் தாயார் சாராவின் பெயரால் உதவிநிதி ஒன்றை ஏற்படுத்தினார். பெண்கள் கலாசாலை வாயிலையே அரிதாகக் கண்ட காலம் அது. நேராக மேலெழும் ஹெலிகாப்டர் விமானத்திலும் அவர் கருத்துச் சென்றது. அவருடைய மகன் ஹென்றி 1922-ஆம் ஆண்டில் அத்தகைய விமானத்தை ஓட்டிக் காட்டினார். மண்டபங்களில் எதிரொலி குழம்பாது தெளிவாகக் கேட்பதற்கான சுவர் ஓடுகளையும் முதுமையில் அமைத்தார். 1925-ஆம் ஆண்டில் ஒலிவாங்கியைக் கொண்டு மின்சார முறையில் தட்டுகளைப் பதிவு செய்தல் தொடங்கியது. அங்குப் பயன்பட்ட ஒலிவாங்கியின் அமைப்பு அவருடையதினின்று வேறுபட்டதே. ஆயினும் அவர் தனித்தனியே உழைத்த இரண்டு துறைகள் ஒன்று கூடியதை அவர் உயிரோடிருந்து கண்டார்.

1929-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் தேதி, தமது 78-ஆம் வயதில், வாஷிங்டன் நகரிற் காலமானார். தம் அடக்கத்தைப் பற்றி அவர் முன்னரே எழுதி வைத்திருந்தார். ஆடம்பரச் சடங்கு வீண் செலவென்றும், தம் குடும்பத்துப் பெண்மக்கள் பியானோவில் பீதோவனையும் சோபினையும் சிறிது வாசித்தாற் போதுமென்றும், கைக்குழந்தைகளையுடைய ஏழைத் தாய்மார்க்குப் பொருள் கொடுத்துத் தம்மைச் சூரியன் சாயும் வேளையில் அடக்கஞ் செய்க என்றும் அவர் விரும்பினார். கிராமபோனைக் கண்டவர் தம் இறுதியில் வேண்டியது, தம்மவர் கையிலிருந்து எழுந்து அக்கணமே மறையும் இசையை.

அவருக்குப்பின் அவர் தட்டு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவலரக்கு அரிதாயிற்று. போர் வீரர்க்கு அனுப்பிய தட்டுகளில் வினைல் என்னும் செயற்கைப் பொருள் இடம்பெற்றது. 1948-ஆம் ஆண்டில் கொலம்பியா கம்பெனியார் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டனர். பழைய தட்டில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 சால்கள் இருந்தன. புதியதில் அவை 200-க்கும் மேற்பட்டன. நான்கு நிமிடம் பாடியது இருபது நிமிடத்துக்கு மேற் பாடியது. வினைல் கற்பொடியற்றது; இழைவானது; கீழே விழுந்தால் எளிதில் உடையாதது. ஆயினும் அரக்கினும் மென்மையானது. எளிதிற் கீறல் விழும். மின்னூட்டம் பெற்றுத் தூசியை இழுக்கும். ஆதலால் எஃகூசி நீங்கி வைர ஊசி வந்தது. அழுத்தமும் இரண்டு கிராம் அளவுக்குக் குறைந்தது.

தட்டை இவ்வாறு கண்ணுங் கருத்துமாகக் காத்து வந்த உலகம் ஒருநாள் திடுக்கிட்டது. நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில் எளியோர் குடியிருப்புகளில், 1970-ஆம் ஆண்டுகளில், இளைஞர்கள் ஒரு புதிய வித்தையைத் தொடங்கினர். ஜமைக்காவினின்று குடியேறிய கூல் ஹெர்க் 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடத்திய விருந்து அதற்குத் தொடக்கமாகக் கூறப்படும். ஆடுவோர்க்கு உவப்பான தாளப்பகுதி ஒரு தட்டிற் சில நொடியே நிற்கும். அதனை நீட்டுதற்கு ஒரே தட்டின் இரண்டு படிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்று முடியுமுன் மற்றொன்றைத் தொடங்கினர். கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்பார் தட்டின்மேல் வண்ணக் கோலால் குறியிட்டு, அப்பகுதி தொடங்கும் இடத்தைக் கண்ணாலேயே காணும் முறையை வகுத்தார். மேடை சுழலவும் தட்டு கையோடு நிற்கவும் வேண்டி, இரண்டுக்கும் நடுவே வழுக்கும் துணி விரிக்கப்பட்டது. அவரினும் இளையவராகிய கிராண்ட் விசர்ட் தியோடர் தம் வீட்டிற் பழகும்பொழுது, தாயார் அதட்டவே தட்டைக் கையாற் பிடித்து நிறுத்தினாரென்றும், அப்பொழுது எழுந்த உரசலொலியே ஸ்கிராச்சிங் என்னும் கலையாக விரிந்ததென்றும் கூறுவர். 1983-ஆம் ஆண்டில் ஹெர்பி ஹான்காக் வெளியிட்ட ராக்கிட் என்னும் இசையில் அவ்வொலி உலகெங்கும் கேட்டது.

இவ்வித்தை தட்டைத் தேய்க்காதோ எனின், தேய்க்கவே செய்யும். ஊசி தெறிக்காதிருக்க அழுத்தத்தை மூன்று முதல் ஐந்து கிராம் வரை கூட்டுவர். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஊசி ஓட, அவ்விடத்தில் சரசரப்பு நிலைத்துவிடும். அதனால் தேர்ந்தோர் கூரிய முட்டைவடிவ ஊசியை விடுத்து உருண்டை நுனியுள்ள ஊசியைக் கொள்வர், அழுத்தத்தை அளந்து வைப்பர், தூசியைத் துடைப்பர், அருமையான தட்டுக்கு இரண்டாம் படி வைத்திருப்பர். அவர்களும் காப்பவரே, தேய்வினை அறிந்து காப்பவர்.

இனி, முன்னர்க் கூறாது விட்டதைக் கூறுவோம். பின்னோக்கி இழுத்தபோதும் ஊசி வழி தவறாமல் நிற்பதற்குக் காரணம், சாலின் இரு கரைகளும் அதனைப் பற்றி நடத்துவதே. கை வைத்து நிறுத்த முடிவது, தட்டு தட்டையாக முகம் மேல்நோக்கிக் கிடப்பதனால். ஒரே தட்டின் இரு படிகள் மயிரிழையும் வேறுபடாது கிடைப்பது, அச்சுத்தகட்டினால். இம்மூன்றும் பெர்லினர் தந்தவை. சாவிப் பொறி வந்தபோது தட்டை விட்டு விலகிய மனிதனுடைய கை, முக்கால் நூற்றாண்டு கழித்து அதன்மேல் மீண்டும் வந்து அமர்ந்தது. முன்னர் ஒலியைக் கெடுத்த கை, பின்னர் ஒலியைப் படைத்தது.

கல்லாப் பொழுதிலும் கற்றவர் பெர்லினர்; பிறர் குறையாக விட்டதை எடுத்து, கோட்டின் திசையொன்றை மாற்றி நிறைவாக்கியவர்; தம் பெயரும் உரிமையும் பறிபோனபோதும் பகைமையில் தம்மைத் தேய்த்துக் கொள்ளாமல், பிறர் பிள்ளைகளுக்காகத் தேய்ந்தவர். பயன்படும் பொருள்கள் யாவும் தேய்வன. எதன்பொருட்டுத் தேய்கிறோமென்று தெரிந்து தேய்தலே வாழ்வுக்குச் சிறப்பு. மாணவர்களாகிய நமக்கு அவர் வரலாறு உணர்த்துவதும் இதுவேயாம்.